ஒரே பூச்சு வெள்ளை

தெருவில் அவருக்குக் காயில்காரர் என்றுதான் பெயர். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி மறுபடி ஓட வைப்பது அவர் தொழில். கடை எட்டடிக்குப் பத்தடி. ஒரு ஷட்டர், ஒரு மேசை, எந்நேரமும் வார்னிஷ் வாடை. ஷட்டருக்கு மேலே அவர் கையாலேயே எழுதிய அட்டை ஒன்று தொங்கும்: ‘என்ன கோளாறு என்று சொல்ல வேண்டாம். வைத்துவிட்டுப் போகவும்.’

திமிர் என்று நினைத்தவர்கள் உண்டு. பாவம், அது அனுபவம். மோட்டாரைக் கொண்டுவருகிறவன் ஒவ்வொருவனும் பாதிக் கதையை விழுங்கிவிட்டு மீதிக் கதையைக் கட்டிச் சொல்வான். தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டிருப்பான், ‘தானா நின்னுடுச்சு’ என்பான். பிரித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடப் போகிறது, பேச்சு எதற்கு?

இந்த ஆளுக்குத்தான் ஒரு நாள் வக்கீல் நோட்டீஸ் வந்தது. கடையை வாடகைக்கு விட்ட பெரியவர் இறந்துபோய் நாலு மாதம்கூட ஆகவில்லை. அவர் மகன் அனுப்பியிருந்தான். ‘மூன்று வருடத்துக்கு முன் என் தந்தை இரக்கப்பட்டுத் தற்காலிகமாக இடம் கொடுத்தார், முப்பது நாளில் காலி செய்ய வேண்டும்’ என்று அச்சடித்த எழுத்தில் இருந்தது.

“மூணு வருஷமா? இருபத்திரண்டு வருஷம் ஆச்சே,” என்றார் காயில்காரர், நோட்டீஸைப் பார்த்தே.

“அதை அந்தக் காகிதத்துக்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது? வக்கீலைப் போய்ப் பாருங்க,” என்றாள் மனைவி. அந்தக் கடை போனால் ஐம்பது வயதில் இன்னொரு தெருவில் போய் உட்கார வேண்டும். அங்கே அவரை யாருக்குத் தெரியும்?

மச்சான் ஒரு வக்கீலம்மாவின் முகவரி தந்தார். மாடியில் இரண்டு அறை. முன்னறையில் ஏழெட்டுப் பேர் மடியில் பைகளோடு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். வியாதி என்ன என்று எழுதி ஒட்டாத ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. தலைக்கு மேலே விசிறி ‘கடக் கடக்’ என்றது. அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது என்று காதிலேயே கண்டுபிடித்தார். அந்த இடத்தில் அவருக்குப் புரிந்தது அது ஒன்றுதான்.

உள்ளே கூப்பிட்டார்கள். நோட்டீஸை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“உக்காருங்க. சொல்லுங்க,” என்றார் வக்கீலம்மா.

காயில்காரர் திருதிருவென விழித்தார். பொருளை வைத்தாயிற்று, இனி பிரித்துப் பார்ப்பது இவர் வேலைதானே? “நீங்களே பாருங்கம்மா,” என்றார்.

“பாத்துட்டேன். இது அவங்க கதை. உங்க கதை என்ன?”

கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். வாடகை ரசீது? பெரியவர் கையில் வாங்குவார், பையில் போடுவார், அதோடு சரி. ஒப்பந்தம்? வாய்ப்பேச்சு. மின்சார இணைப்பு? பெரியவர் பேரில். அக்கம்பக்கத்தில் பழைய கடைக்காரர்கள்? எல்லோரும் மாறிவிட்டார்கள்.

“இருபத்திரண்டு வருஷத்துல எழுத்துல ஒண்ணுமே இல்லையா?”

“காகிதம்னு ஒண்ணும் இல்லம்மா.”

அடுத்து வக்கீலம்மா ஒரு தாளை நீட்டி, “வக்காலத்து, கையெழுத்துப் போடுங்க,” என்றார். ‘என் சார்பில் ஆஜராகவும், சமரசம் செய்யவும், வாபஸ் பெறவும்’ என்று போய்க்கொண்டே இருந்தது. படிக்கப் படிக்க, கடையை வக்கீலம்மா பேருக்கே எழுதிக் கொடுக்கிறோமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. கேட்கக் கூச்சம். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

“வியாழக்கிழமை நானே வந்து இடத்தைப் பாக்கறேன். அதுவரைக்கும் கடையை…” என்று ஆரம்பித்தார் வக்கீலம்மா. அதற்குள் போன் அடித்தது. பேசிக்கொண்டே, போகலாம் என்று கையைக் காட்டிவிட்டார்.

கடையை என்ன செய்யச் சொல்ல வந்தார்? வழியெல்லாம் அதே யோசனை. மனைவியிடம் கேட்டார்.

“படிச்சவங்க வர்றாங்க. சுத்தமா வச்சிருங்கன்னு சொல்ல வந்திருப்பாங்க. அந்தச் சுவரைப் பாத்தா யாராவது உள்ள வருவாங்களா?”

நியாயமாகத்தான் பட்டது. வேலை முடிந்த மோட்டாரைத் துடைத்துப் பளபளவென்று கொடுக்காவிட்டால் தூக்கம் வராத மனுஷர் அவர். புதன்கிழமை ஒரு வாளி சுண்ணாம்பைக் கரைத்தார், நீளத் தூரிகையை எடுத்தார், மேசைக்குப் பின்னால் இருந்த சுவரை ஒரே மூச்சில் வெள்ளையாக்கினார்.

“ஈரத்துல இன்னும் கோடு கோடாத் தெரியுது. ரெண்டாவது பூச்சு அடிங்க,” என்றாள் மனைவி.

“காஞ்சா மறைஞ்சிடும். இடுப்பு விட்டுப்போச்சு,” என்று உட்கார்ந்துவிட்டார். சொன்னபடியே மறைந்தது.

வியாழக்கிழமை வந்த வக்கீலம்மா கடையைச் சுற்றிப் பார்த்தார். “இந்தச் சுவர் மட்டும் புதுசா இருக்கே? இங்க என்ன இருந்துச்சு?”

“ஒண்ணும் இல்லம்மா. வெறும் கிறுக்கல்.”

“என்ன கிறுக்கல்?”

“கட்டுன காயில் கணக்கு. எந்த மோட்டார், எத்தனை சுத்து, என்ன கேஜ் கம்பின்னு பென்சில்ல எழுதி வைப்பேன். அதே மாடல் திரும்ப வந்தா எண்ண வேண்டாம் பாருங்க. இப்ப எல்லாம் தலையிலயே இருக்கு.”

“தேதி போடுவீங்களா?”

“தேதி போடாம?”

“எப்பலேருந்து எழுதறீங்க?”

“கடை தொறந்த அன்னைலேருந்து.”

வக்கீலம்மா பக்கத்தில் இருந்த பழைய மோட்டார் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறார். வெண்ணெயின் மேல் சுண்ணாம்பு அடித்துக் காட்டியவரை இப்போதுதான் பார்க்கிறார்.

காயில்காரருக்கு நடந்தது மெதுவாகத்தான் உறைத்தது. உறைத்ததும் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு சுவரிடம் ஓடினார். கம்பியின் மேல் இருக்கும் இனாமலைச் செம்பில் கீறல் விழாமல் சுரண்டுகிற கை அது, சுண்ணாம்பு எம்மாத்திரம்?

“தொடாதீங்க,” என்றார் வக்கீலம்மா. “நீங்க சுரண்டுனா, நேத்து நீங்களே எழுதி மேல வெள்ளை அடிச்சதா சொல்லுவாங்க. கோர்ட்ல மனு போடறேன். கோர்ட் அனுப்புற ஆள் வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் சுவர் பக்கமே போகாதீங்க.” இந்த முறை வாக்கியத்தை முழுசாக முடித்தார்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது அவருக்கு. சுத்தம் செய்தது தப்பு. தப்பைச் சரி செய்வதும் தப்பு. உண்மை ஒரு சுண்ணாம்புத் தோலுக்குப் பின்னால் இருக்கிறது, ஆனால் அதைக் காட்ட அதற்குச் சொந்தக்காரனுக்கு உரிமை இல்லை. ஏழு வாரம் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மோட்டார் கட்டினார். வார்னிஷ் தெறிக்குமோ என்று பயந்து அந்த வேலையை வாசலில் வைத்துக்கொண்டார். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதுகூடத் தெரியவில்லை.

ஒரு வழியாகக் கோர்ட்டிலிருந்து ஒருவர் வந்தார். மூக்குக் கண்ணாடி, தோல் பை, கேமரா. பெரியவரின் மகனும் அவன் வக்கீலும் ஷட்டர் ஓரம் நின்றார்கள். வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், நகத்தால் கீறப் போனார், தயங்கினார்.

“தண்ணி தெளிங்க சார்,” என்றாள் மனைவி பின்னாலிருந்து. “ஈரம் பட்டா தெரியும். ரெண்டாவது பூச்சு அடிங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேக்கலை இவரு.”

ஈரத் துணியை ஒற்றினார்கள். வெள்ளை மெல்ல மங்கியது. அடியிலிருந்து பென்சில் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. வந்தவர் ஒரு வரியைப் படமெடுத்து, உரக்கப் படித்து, எழுதிக்கொண்டே போனார். அரை எச்.பி., இருபத்துநாலு ஸ்லாட், தேதி. ஒரு எச்.பி. பம்பு, தேதி. ஐந்து வருஷம், பன்னிரண்டு வருஷம் என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தது. மகன் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தான்.

மேல் மூலையில் வந்தவர் நின்றார். “ரெண்டு கிலோ தொள்ளாயிரம்னு இருக்கு. கேஜ் இல்லை, சுத்து இல்லை. இருபது வருஷத்துக்கு முந்தின தேதி. இது என்ன மோட்டார்?”

காயில்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அது என் மக, சார்,” என்றாள் மனைவி.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து மகள் பிறந்த சேதி வந்தபோது அவர் ஒரு அவசர பம்பைக் கட்டிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு ராத்திரிதான் போனார். ‘பெத்த பிள்ளையைவிட மோட்டார் பெருசு’ என்று இருபது வருஷமாக மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

வந்தவர் அந்த வரியையும் எழுதிக்கொண்டார். எல்லோரும் படியிறங்கியதும் காயில்காரர் வக்கீலம்மாவின் பின்னாலேயே ஓடினார்.

“ஜெயிச்சிட்டோமாம்மா?”

“இனிமேதான் கேஸே ஆரம்பிக்குது. ஆனா இப்ப நமக்கும் சொல்றதுக்கு ஒரு கதை இருக்கு.”

ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டுக் கடைக்குள் திரும்பினார். மனைவி சுவரின் முன்னால் நின்றிருந்தாள். ஈரம் உலர உலர எழுத்துகள் கீழிருந்து மறைந்துகொண்டு வந்தன. மேல் மூலை மட்டும் இன்னும் காயவில்லை.

“இதையும் சேத்துத்தான் வெறும் கிறுக்கல்னு சொன்னீங்களா?” என்று கேட்டாள்.

அவர் பக்கத்தில் போய் நின்றார். அந்த வரி காய்ந்து வெள்ளையாகும்வரை இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.