பாதி பியூக்கின் விலை

திருத்தணியில் டிரைவர் ஜீவரத்தினத்தின் தகரப் பெட்டியைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. 1942-க்குப் பிறகு அவர் கைக்கு வந்த காகிதம் எதுவும் வெளியே போனதில்லை. சைக்கிள் டயர் வாங்கிய பில், பெட்ரோல் கூப்பனின் அடிக்கட்டை, யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரி வாயுவில் ஓடிய பஸ்ஸை ஓட்டி வாங்கிய சம்பளச் சீட்டு, மனைவி யூனிஸுக்குப் பல் பிடுங்கிய ஆஸ்பத்திரிச் சீட்டு என எல்லாம் தேதிவாரியாக நூல் கட்டி உள்ளே கிடந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் ஒரு வரி இருக்கும்: யார் கொடுத்தது, எதற்காக, அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். தமிழை வேதப் புத்தகத்திலும், இங்கிலீஷ் எழுத்துகளை மோட்டார் பாகங்களின் மேலும் தாமாகவே படித்துக்கொண்டார்.

இந்தப் பழக்கம் பிறவியில் வந்ததல்ல. ஒரு கார் கொடுத்துவிட்டுப் போனது.

1940-ஆம் வருஷம் ஆவணியில், ஜமீன் வீடு ஒன்றில் ஒரு பியூக் விலைக்கு வந்தது. ஏழு பேர் சாய்ந்து உட்காரலாம். துணிக் கூரையை மடித்துவிட்டால் தேர் போலத் திறந்துகொள்ளும். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அப்படிப்பட்ட கார் அரக்கோணத்துக்கு இந்தப் பக்கம் வேறெங்கும் கிடையாது. ஜீவரத்தினமும், கனகம்மாசத்திரத்துக் கிருஷ்ணனும் அதைக் கூட்டாக வாங்கத் துணிந்தார்கள். ஒருவர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். மற்றவர் கிருத்திகை தவறாமல் மலையேறுகிறவர். உறவு ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஒரே லாரியில் கிளீனர்களாக இருந்த நாள் முதல் ஒருவரை ஒருவர் மைத்துனர் முறை வைத்து 'பாவா' என்றுதான் அழைத்துக்கொண்டார்கள்.

பேரம் முடித்தவர் மாட்டுத் தரகர் சுப்பன். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வது வழக்கமில்லை. தரகரின் துண்டுக்கடியில் கையை விட்டு, விரலைப் பிடித்து அழுத்தித் தொகையைச் சொல்ல வேண்டும். சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியாது. கை வெளியே வந்துவிட்டால் பேச்சு மாறாது. காரின் விலை ஆயிரத்து முந்நூறு என்று அப்படித்தான் முடிந்தது. அதே துண்டுக்கடியில் இரண்டு பாவாக்களும் கை கோத்து, ஆளுக்குப் பாதி என்றும் முடித்துக்கொண்டார்கள்.

"ஒரு காகிதம் எழுதிக்கலாமா பாவா?" என்று ஜீவரத்தினம் கேட்டார்.

கிருஷ்ணன் சிரித்தார். "துண்டுக்குள்ள வெச்ச கைய வுட காகிதம் பெரிசா பாவா? எழுதிக்கினு இருந்தா எப்ப வண்டி ஓட்டறது?"

தபாலாபீஸ் சேமிப்பிலிருந்து அறுநூற்றைம்பது ரூபாயை எடுத்து ஜீவரத்தினம் கிருஷ்ணன் கையில் கொடுத்தார். அப்போது ஜில்லாத் தலைநகராயிருந்த சித்தூருக்குப் போய் வண்டியைப் பதிவு செய்ய வேண்டிய நாளில் ஜீவரத்தினத்துக்கு விஷக்காய்ச்சல். கிருஷ்ணன் மட்டும் போனார். பதிவுப் புத்தகத்தில் ஒரு பெயர் மட்டுமே ஏறியது. அதை அன்று யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

பிறகு வந்த இரண்டு வருஷங்களைப் போல ஜீவரத்தினத்தின் வாழ்க்கையில் வேறு வருஷங்கள் இல்லை. ஆடிக் கிருத்திகைக்கு ரயிலில் வந்து இறங்கும் செல்வந்தர்களை மலையடிவாரம் வரை கொண்டுபோய் விடுவார்கள். காவடிக் கூட்டம் வழிவிட மறுக்கும்போது, கிருஷ்ணன் ரப்பர் குமிழை அழுத்தி ஹாரன் அடிக்கிற தாளத்துக்குக் காவடிக்காரர்களே இரண்டு அடி ஆடிவிட்டு விலகுவார்கள். முகூர்த்த நாட்களில் காரெங்கும் சாமந்திச் சரம் தொங்கும். முன்னால் காஸ் லைட்டும் நாகசுரமும் போக, முதல் கியரில் நடை வேகத்தில் ஊரைச் சுற்றி வர வேண்டும். அப்படி ஓட்டினால் ரேடியேட்டர் கொதித்துவிடும். ஆகவே ஒருவர் ஸ்டியரிங் பிடிக்க, மற்றவர் தண்ணீர்க் குடத்தோடு பக்கத்தில் நடப்பார். குடம் யாருக்கு என்று புறப்படும் முன் பூவா தலையா போடுவார்கள். பெரும்பாலும் ஜீவரத்தினமே தோற்பார். வருமானத்தை அன்றன்றே சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்; அதில் காலணா வித்தியாசம் வந்ததில்லை.

1942-இல் பெட்ரோல் கட்டுப்பாடு இறுகியது. கார் கனகம்மாசத்திரத்தில் கிருஷ்ணன் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போயிற்று. வருமானம் நின்ற கஷ்டத்தில் ஜீவரத்தினம் தம் பங்கைத் திருப்பிக் கேட்டார். கிருஷ்ணனுக்கும் கஷ்டந்தான். வார்த்தை தடித்தது.

"பாதி உன்னுதுன்னு காகிதம் இருக்கா?" என்றார் கிருஷ்ணன்.

ஜீவரத்தினம் தபாலாபீஸ் பாஸ் புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

"எடுத்தது சரி. எனக்குக் குடுத்தேன்னு இதுல எங்க எழுதியிருக்குது?"

ஜீவரத்தினம் திரும்பி நடந்தார். தகரப் பெட்டியை வாங்கியது மறுநாள். அதற்கான ரசீதுதான் பெட்டியின் அடியில் இருக்கும் முதல் காகிதம். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. 1946-இல் கிருஷ்ணன் காய்ச்சலில் இறந்தார். ஜீவரத்தினம் சாலை முனை வரை சைக்கிளில் போய், பறைச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

1948 தை மாதம், கிருஷ்ணனின் மனைவி தேவகி காரை விற்கப்போவதாகச் சுப்பன் செய்தி கொண்டுவந்தார். அரக்கோணத்து மில்காரர் ஒருவர் இரண்டாயிரம் சொல்லியிருந்தார். என்ஜினைக் கழற்றி நீர் இறைக்க வைத்துக்கொண்டு, மேல் தகட்டை வெட்டி விற்றுவிடுவது அவருடைய உத்தேசம்.

அன்று மாலை ஜீவரத்தினம் முழுத்தாள் ஒன்றை விரித்தார். என்ஜின், டயர் நான்கு, கூரைத் துணி, பாட்டரி என்று தனித்தனியே மதிப்புப் போட்டுக் கூட்டினார். யுத்தத்துக்குப் பிறகு கார் விலை ஏறிக் கிடந்தது. நியாய விலை இரண்டாயிரத்து நூறு வந்தது. அவரிடம் இருந்ததோ ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது.

யூனிஸ் எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, பரீட்சைக்கா எழுதிக்கினு இருக்கீங்க?"

"அந்தக் காருக்கு எவ்ளோ குடுக்கலாம்னு பாக்கறேன்."

"பாதி வண்டிய ஏற்கெனவே வாங்கிட்டீங்களே. மீதிப் பாதிக்கு எவ்ளோன்னு பாருங்க."

"பாதின்றதுக்குக் காகிதம் இல்லியே."

"பொட்டி நெறையக் காகிதம் வெச்சிருக்கீங்க, வேண்டிய ஒண்ணு மட்டும் இல்ல. நல்ல பொட்டி!"

அவர் சிரிக்கவில்லை. பாதி என்று கணக்கிட்டால் ஆயிரத்து ஐம்பதுதான் கொடுக்க வேண்டும். ஆனால் விலையேற்றத்திலும் பங்கு கேட்பது, செத்தவனிடம் லாபம் கேட்பதாகப் பட்டது. போட்ட பணம் வந்தால் போதும் என்று முடிவு செய்தார். இரண்டாயிரத்து நூறில் அறுநூற்றைம்பது போக, ஆயிரத்து நானூற்றைம்பது. அதற்குமேல் ஒரு ரூபாயும் இல்லை. பிறகு ரசீதின் வரைவையும் தாமே எழுதினார். 'தாங்கள் 1940-ஆம் வருஷம் என் புருஷன் கிருஷ்ணனிடம் கொடுத்த ரூ. 650 நீங்கலாக' என்ற வரியை எழுதும்போது பென்சிலை இரண்டு முறை சீவினார். பணம் குறைவதைக் காட்டிலும் அந்த வரியில் தேவகியின் கையெழுத்து விழ வேண்டும் என்பதே ஆறு வருஷமாக அவர் நெஞ்சில் இருந்தது.

கனகம்மாசத்திரத்தில் தேவகி கதவோரம் நின்றாள். கிருஷ்ணனின் அண்ணன் முனியன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக் காரியங்களுக்கு இப்போது அவரே பெரியவர். சுப்பன் வழக்கப்படி துண்டை உதறிக் கையை நீட்டினார். ஜீவரத்தினமும் பழக்கத்தில் கையை உள்ளே விட்டார். தேவகி கேட்கும் விலை இரண்டாயிரத்து நூறு என்று சுப்பனின் விரல் சொன்னது. நெருப்பைத் தொட்டவர்போல அவர் கையை வெளியே இழுத்துக்கொண்டார்.

"துண்டுக்குள்ள பேச்சு வேணாம். எல்லாம் வெளியில, எழுத்துல."

"இன்னா டிரைவரே, பேரத்துல கைய உருவறீங்க? மாடுகூட மொறச்சிப் பாக்கும்!" என்றார் சுப்பன்.

முனியன் நிமிர்ந்தார். "எழுதறதுக்கு இன்னா இருக்குது ரத்தினம்?"

ஜீவரத்தினம் சட்டைப் பையில் கைவைத்தார். அதற்குள் தேவகி, "வண்டிய ஒரு வாட்டி பாத்துடுங்கண்ணா" என்று சொல்லிக் கொட்டகைப் பக்கம் நடந்தாள்.

பியூக் மரக்கட்டைகளின் மேல் நின்றது. டயர்களைக் கழற்றிக் கோணியில் சுற்றி உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். ஜீவரத்தினம் பின்சீட்டைத் தடவினார். 1941 மாசியில் மாப்பிள்ளைத் தோழன் ஒருவன் கவிழ்த்த சந்தனக் கிண்ணத்தின் கறை அப்படியே இருந்தது. ஓரத்தில் அவர் தூக்கி நடந்த பித்தளைக் குடமும் கிடந்தது. அதற்குள் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை.

"ரசீதுல இன்னா எழுதப் போறீங்கன்னு எனக்குத் தெரியும்ணா" என்றாள் தேவகி. "அறநூத்தம்பது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஜொரத்துல கெடக்கும்போது 'பாவா வந்தாரா'ன்னு மூணு வாட்டி கேட்டாரு. எந்த மூஞ்சிய வெச்சிகினு ஒங்களுக்கு ஆளனுப்புவேன்?"

ஜீவரத்தினம் காரின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"பணத்தக் கொறச்சிக்கோங்க, அது ஒங்க பணம். அந்த எழுத்து மட்டும் வேணாம். பொண்ணு வள்ளியம்மாளுக்கு சம்பந்தம் பேசிகினு இருக்கோம். ரசீத அங்க ஒக்காந்திருக்கற மச்சாண்டாரு படிப்பாரு. அவரு படிச்சா ஊரே படிச்ச மாதிரி. அப்பன் அடுத்தவன் காச எடுத்துக்கிட்டான்னு ஆயிடுச்சின்னா, எம்பொண்ணு நெலம?"

"அப்ப ஆயிரத்து நானூத்தம்பதுன்னு மட்டும் எழுதறேன்."

"ரெண்டாயிரம் சொன்ன மில்லுக்காரன ஏன் திருப்பி அனுப்புனேன்னு கேப்பாரே."

ஜீவரத்தினம் சந்தனக் கறையை மறுபடி தடவினார். ஆறு வருஷமாக அவர் கேட்க விரும்பிய சொல்லைக் காதால் கேட்டாயிற்று. ஆனால் அது காற்றில் சொன்ன சொல். அதைக் காகிதத்தில் ஏற்றினால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுவிடும். ஏற்றாமல் விட்டால் தகரப் பெட்டி என்றைக்கும் நிறையாது. மூன்று முறை கேட்டாராமே, பாவா வந்தாரா என்று. அப்போது அவர் ஏழு மைலுக்கு அப்பால் கரி பஸ்ஸின் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

அவர் வெளியே வந்தார். "சுப்பா, எங்க அந்தத் துண்டு?"

சுப்பன் வாயைப் பிளந்தார். "இப்பத்தான வேணாம்னீங்க?"

"கொண்டாய்யா."

துண்டுக்கடியில் ஜீவரத்தினத்தின் விரல்கள் ஆயிரத்து நானூற்றைம்பது என்று நிதானமாகச் சொல்லின. சுப்பன் திடுக்கிட்டுக் கதவோரம் பார்த்தார். தேவகி தலையசைத்தாள். கைகள் விலகின.

"எவ்ளோக்குய்யா முடிஞ்சது?" என்றார் முனியன்.

ஜீவரத்தினம் புதுத்தாளில் தம் கையாலேயே எழுதினார். 'ரூபாய் இரண்டாயிரத்து நூறு ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்.' ஓரணா ஸ்டாம்பின் மேல் தேவகி எழுத்தெழுத்தாகக் கையெழுத்திட்டாள். பணத்தை முனியன் கைக்குப் போகவிடாமல் அவளே உள்ளே கொண்டுபோய் எண்ணிக்கொண்டாள். முனியன் ரசீதை இரண்டு தரம் படித்துவிட்டு, "பரவால்ல, மில்லுக்காரன வுட நூறு ஜாஸ்திதான்" என்று திருப்தியோடு வெற்றிலைப் பையை அவிழ்த்தார்.

வைகாசியில் வள்ளியம்மாளின் மாப்பிள்ளை அந்தப் பியூக்கில்தான் ஊர்வலம் வந்தான். ரேடியேட்டர் பழையபடியே கொதித்தது. பூவா தலையா போட ஆளில்லாததால் குடத்தைத் தூக்கக் கூலிக்கு ஒருவரை அமர்த்த வேண்டியிருந்தது. வாடகை பதினைந்து ரூபாயை ஜீவரத்தினம் கேட்டு வாங்கிக்கொண்டு, அதற்கு ரசீதும் கொடுத்தார்.

தேதிவாரியாகக் கட்டிய அந்தப் பெட்டியில் பொய் சொல்லும் காகிதம் ஒன்றே ஒன்றுதான் உண்டு: ரூபாய் இரண்டாயிரத்து நூறு, 1948 தை. அதன் முதுகில் பென்சிலால் எழுதியிருக்கும் வரியில் யார் கொடுத்தது, எதற்காக, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பது எதுவும் இல்லை. 'துண்டுக்குள் பேசியது' என்று மட்டும் இருக்கிறது.