கமூனாவின் வலது கண்

கமூனாவுக்குப் பிறந்ததிலிருந்தே முகத்தில் உணர்ச்சி கிடையாது. கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. ஜெர்பா தீவில் எங்கள் யூதர் தெருப் பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. ஒரு கை வறுத்த கடலை கொடுத்தால் கன்னத்தில் ஊசி குத்த விடுவாள். நானும் குத்தியிருக்கிறேன், பொய் சொல்வானேன்.

நான்கு வயதில் அவள் இடது கண்ணில் மணல் விழுந்தது. உறுத்தினால்தானே அழுவாள்? விளையாடிக்கொண்டே இருந்தாள். புண்ணாகிக் கண் போய்விட்டது. அதிலிருந்து அவள் அம்மா மெய்சா காலையும் மாலையும் மற்ற கண்ணின் இமையைத் தூக்கிப் பார்ப்பாள். முத்தத்தைக்கூட மகளின் கையில்தான் கொடுப்பாள். கன்னத்தில் கொடுத்தால் பிள்ளைக்குத் தெரியாதே. மெய்சா படுத்த படுக்கையான பிறகு கமூனா தானே கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். லேசாகச் சிவந்தாலும் உடனே சொட்டு மருந்து. அவளைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை. பொத்தான் தைத்துக் காலம் தள்ளினாள்.

போன கோடையில் மெய்சா போய்ச் சேர்ந்தாள். துக்க வீட்டில் ஏழு நாள் கண்ணாடியை மூடி வைக்க வேண்டும். நான்தான் என் வீட்டு வெள்ளைத் துணியைக் கொண்டுபோய் மூடினேன், பெரிய காரியம் செய்தவளாட்டம். திறந்து பார்த்தால் செத்துப்போன அம்மாவின் ஆத்மாவுக்கு ஆகாதென்று கமூனா அதன் பக்கமே போகவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தாள். துக்கக்காரி முதலில் பேசினால்தான் வந்தவர்கள் பேசலாம். அவள் வாயே திறக்கவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்களுக்காக வாசல் கதவு ஏழு நாளும் திறந்தே கிடந்தது. தெற்குக் காற்று மணலை வாரிக் கொண்டுவந்தது.

மூன்றாம் நாள் கண் சிவந்தது. ஐந்தாம் நாள் நீராக வடிந்தது.

"பாவம், இப்பதான் அவளுக்கு அழுகையே வருது," என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னதும் நான்தான். துக்க வீட்டு வழக்கப்படி வேளாவேளைக்கு முட்டை அவித்துக் கொடுத்தோம். அந்தக் கண்ணை ஒருத்தியும் இமை தூக்கிப் பார்க்கவில்லை. சீ, என்ன பெண்கள் நாங்கள்!

ஏழாம் நாள் காலை துக்கம் முடிந்தது. கண்ணாடி மேலிருந்த துணியை எடுத்து மடித்தேன். கமூனா சுவரைத் தடவிக்கொண்டே வந்து கண்ணாடிக்கு நேராக நின்றாள்.

"ரெண்டு நாளா மங்கலாவே இருக்குக்கா. அழுததுனாலன்னு நெனச்சேன். துணிய எடுத்துடு, கண்ணப் பாக்கணும்."

துணி என் கையில் இருந்தது.

"இருடி, எடுக்கறேன்," என்றேன்.

அவள் விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.