சிவப்பில் வந்த பெயர்

சாயம் போடுவதும் மடிப்பதும்தான் என் தொழில். புடவைக்கடை என்று நினைத்துவிடாதீர்கள், கம்பியூட்டரின் கறுப்புத் திரையில் வரும் எழுத்துகளுக்குத்தான் இந்த உபசாரமெல்லாம். யுத்த காலத்தில் திருகோணமலை இறங்குதுறையில், மூதூருக்குப் படகு விடும் லோஞ்ச் கந்தோருக்குப் பயணிகளின் பெயர் காட்டும் புரோகிராம் எழுதியவள் நான். சோதனைச் சாவடியில் அந்தத் திரையைப் பார்த்துத்தான் ஆட்களை விடுவார்கள். மறிபட்டவர் கடைசி லோஞ்சைத் தவறவிட்டால் அன்று வீடு போக முடியாது. இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

மடிப்பு

திரை முடிகிற இடத்தில் வரியைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டியது என் முதல் புரோகிராம். நீளப் பெயர்க்காரர் ஒருவரின் அடையாள அட்டை இலக்கத்தில் பாதி அடுத்த வரியில் விழ, அவரை மறித்துவிட்டார்கள். எதையும் நடுவில் வெட்டாமல் முழுசாக அடுத்த வரிக்கு இறக்கி, கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தேன். நான் கெட்டிக்காரி, உடனே முடித்துவிட்டேன். விடுவிக்கப்பட்ட மனிதர் போகிற போக்கில் சொன்னார்: "பேர் நீளமெண்டா வைச்ச அப்பாவைப் பேசுங்கோ பிள்ளை, நம்பரை ஏன் வெட்டுறியள்?"

அச்சு

நிறம் மாற்றும் கட்டளை திரையில் கண்ணுக்குத் தெரியாது, காகிதத்தில் தெரியும். அச்சடித்தபோது ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஒரு அடைப்புக்குறியும் எண்ணும் முளைத்திருந்தன. இது என்ன சங்கேதம் என்று கேட்டு, கந்தோர் மேலாளர் ஹனீபா நானாவைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். ஓடிப்போய் விளக்கினேன். அச்சுக்குப் போகும்போது நிறக் கட்டளை கூடவே போகாதபடியும் செய்தேன். நானா வியர்வையைத் துடைத்தபடி சொன்னார்: "தங்கச்சி, கடதாசிக்குப் பவுடர் வேணாம், வெயில்ல நிக்கிறது நான்."

சிவப்பு

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறவர்களை முதலில் ஏற்ற வேண்டும் என்றார் நானா. கண்ணில் படட்டும் என்று அவர்கள் பெயரைச் சிவப்பாக்கினேன். அது எதற்கென்று சாவடிக்குச் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை. அங்கிருந்த காவலர், சிவப்பென்றால் ஆபத்து என்று எண்ணி, சிவப்பில் வந்தவர்களைத்தான் ஓரமாக நிறுத்தினார்.

அவர்களில் மூதூர்ப் பக்கம் கட்டைபறிச்சான் ஊர்ப் பெண் ஒருத்தி, பச்சைக் குழந்தையோடு, தையல் நோவில் நிற்க ஏலாமல் மதிலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசி லோஞ்சின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்கள். சிவப்பு நிறத்தின் எண் 31, பச்சைக்கு 32. அந்த ஒற்றை இலக்கத்தை மாற்றி, திரையைக் காவலர் பக்கம் திருப்பினேன். பச்சையைக் கண்டதும் போகச் சொல்லிக் கை காட்டினார். நான் மன்னிப்புக் கேட்கக் கேட்க, அவள் நிற்காமல் லோஞ்சை நோக்கி நடந்தபடியே சொன்னாள்: "என்ன நிறமெண்டாலும் பூசுங்கோ அக்கா, வெளிச்சத்தோட வீட்டை போனாப் போதும்."

அன்றிலிருந்து என் புரோகிராமில் எவ்வளவு பெரிய பிழை வந்தாலும், அது பச்சையில்தான் வரும்.