ஆணி அடிக்காத மராமத்து

என் வீட்டுக்குள் என்னையே நுழைய விடாமல் ஒரு அம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பின்னால் ஆணிப் பையோடு ஆசாரி. போன மாதம் நடந்தது.

என் வீடு என்றா சொன்னேன்? அப்பாவின் வீடு. பழவங்காடியில் எண்ணெய்க்கடை வைத்து, கைநாட்டு வைத்தே மூன்று வீடுகள் வாங்கினவர் அவர். வாடகைக்கு விட்ட அந்த வீடுகளைப் பராமரிப்பது என் பொறுப்பு. "நீதானே படிச்சவன்" என்பார். ஓடு மாற்றுவதற்கும் ஹைஸ்கூலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க முடியுமா...

நடு வீட்டில் குடியிருப்பவர் சிதம்பரம் பிள்ளை — நாஞ்சில் நாட்டுக்காரர், ஆபீஸ் கிளார்க். மனைவிக்கு நிறைமாதம். அவள் படுக்கும் அறையில், உத்திரத்தின் ஒரு முனையைக் கரையான் தின்றிருந்தது. இடவப்பாதிப் பருவமழை இன்றோ நாளையோ என்று நிற்கிறது. நனைந்த ஓட்டின் பாரம் இறங்கினால் உத்திரம் அவள் மேல்தான்.

வாசலை மறித்தவர் பிள்ளையின் மாமியார். மகளின் பேறுகாலத்துக்காகப் பூதப்பாண்டியிலிருந்து வந்திருந்தார்.

"பிள்ளத்தாச்சி இருக்க வீட்டுல ஓட்டப் பிரிக்கப்படாது, ஆணி அடிக்கப்படாது. பேறு கழியட்டும் தம்பி."

"அதுவரைக்கும் உத்திரம் நிக்கணுமே அம்மா. பக்கத்து வீடு காலியாத்தான் இருக்கு..."

"நெறமாசத்துல வீடு மாறவா? படிச்ச பிள்ளை பேசுத பேச்சா இது?"

சிதம்பரம் பிள்ளையைப் பார்த்தேன். அவர் உத்திரத்தைப் பார்த்தார். "அத்தை சொல்லியாச்சே" என்றார், மேலதிகாரியின் உத்தரவைப் படிக்கிற மாதிரி.

நீங்களாயிருந்தால் என்ன செய்வீர்கள்? தர்க்கம் பண்ணுவீர்கள். நானும் அதற்குத்தான் வாயைத் திறந்தேன். உள்ளே அந்தப் பெண், எங்கள் பேச்சைக் கேட்டபடி, தன் பாயை மெதுவாகச் சுவரோரம் இழுத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு தர்க்கம் எங்கே வரும்?

"பிரிக்கலை. ஆணியும் இல்லை. ஒரு முட்டு மட்டும் கொடுக்கட்டுமா?"

அம்மாள் யோசித்தார். "தட்டப்படாது."

"தட்ட மாட்டேன்."

ஆசாரி என் காதருகே வந்து மலையாளத்தில் கேட்டார். "தட்டாம எங்ஙனெ சாரே இறுகும்?"

காய்ந்த மரம் தண்ணீர் குடித்தால் உப்பும் — சயன்ஸ் வாத்தியார் சொன்னது. அன்றுதான் அது எனக்கு வேலைக்கு வந்தது. அளவெடுத்து, ஆசாரியின் பட்டறையிலேயே ஆஞ்சிலிக் கட்டையை அறுத்து வந்து உத்திரத்துக்கு அடியில் நிறுத்தினோம். கட்டையின் கீழே காய்ந்த ஆப்புகளைக் கையாலேயே நெருக்கிச் செருகி, தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். மறுநாள் ஆசாரி கட்டையைப் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. "கொள்ளாமல்லோ" என்றார். அவர் வாயிலிருந்து அந்தப் பாராட்டு வருவது லேசில்லை.

அன்று சாயங்காலமே பிடித்தது மழை. விடாத அந்த மழைக்குள்தான் பெண் குழந்தை பிறந்தது. உத்திரத்திலிருந்து ஒரு தூசி விழவில்லை. சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது — ஆனாலும் சொல்கிறேன்.

மராமத்து என்றால் மரமும் ஓடும் என்று நினைத்திருந்தேன். உள்ளே இருப்பவர்களின் பயத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கூரை நம்முடையது... தலை அவர்களுடையது அல்லவா?

தீட்டுக் கழிந்து, இந்த வாரம் புது உத்திரத்தோடு போனோம். உள்ளே நுழைந்ததும் மேலே பார்த்தேன். கரையான் தின்ற அதே உத்திரத்தில் சேலைத் தொட்டில். குழந்தை உறங்குகிறாள்.

"அம்மா, இது பழுதான உத்திரமாச்சே. அந்தப் பக்கத்து உத்திரம் நல்லாத்தானே இருக்கு, அதுல கட்டப்படாதா?"

மாமியார் தொட்டிலை ஆட்டிக்கொண்டே சொன்னார்:

"அதுக்கு நீ முட்டு கொடுக்கலியே தம்பி."