தவளைக்குட்டையை இறைத்த நாள்

இது நடந்தது நான்கு வருடங்களுக்கு முன், ஒரு ஜூன் மாதத்தில், லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுப் பின்வளவில்.

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து இடது கால் வழங்காமல் போனது. மாடிப்படி ஏற முடியாது. ஒரு வருடத்துக்கு மேலாக முன்னறைச் சோபாவில்தான் படுத்தார். வீட்டின் பின்பக்கம் அவருக்கென்று ஓர் அறையும் குளியலறையும் கட்ட அனுமதி கேட்டோம். அந்த இடத்தில் ஒரு பழைய குட்டை இருந்தது. அதில் தவளைகளும், இங்கே நியூட் என்று சொல்கிற பல்லி போன்ற சின்னப் பிராணிகளும் இருந்தன. குட்டையை மூடுவதானால் வளவின் கடைக்கோடியில் அதற்குப் பதிலாக ஒரு சின்ன ஈரநிலம் அமைக்கவேண்டும், அதை ஒருவர் வந்து பார்த்துச் சரி சொல்லவேண்டும் என்று கவுன்சில் நிபந்தனை போட்டது. மனுசருக்கு ஓர் அறை கட்டுவதற்குத் தவளைக்கும் வீடு கட்டவேண்டியிருக்கிறதே என்று நான் புறுபுறுத்தேன். ஆனாலும் முதலில் தவளை வீடுதான் எழும்பி, குட்டையிலிருந்த உயிர்கள் அங்கே குடியேறின.

அறை முடிந்து கணவர் அதற்குள் போய் இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. நாளை பத்து மணிக்கு ஈரநிலத்தைப் பார்க்க ஆள் வருகிறது என்று தகவல் வந்தது. அது சரியில்லாவிட்டால் அறையை இடிக்கவும் சொல்வார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஓடிப்போய்ப் பார்த்தேன். தண்ணீர் பச்சை. மேலெல்லாம் பாசி, கீழெல்லாம் சேறு, கரையெல்லாம் புல்லும் பற்றையும். நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள். என் பாத்திரத்தில் முகம் பார்க்கலாம். பார்க்க வருகிறவருக்கு இதையா காட்டுவது?

ஊரில் நாங்கள் வருடத்துக்கு ஒருமுறை கிணறு இறைப்போம். தண்ணீரை முழுக்க இறைத்து, சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்துவிட்டால் புதுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஊறும். அதையேதான் இங்கேயும் செய்தேன். பச்சைத் தண்ணீரைப் பூஞ்செடிகளுக்கு ஊற்றினேன். பாசியையும் சேற்றையும் அள்ளிக் கரையில் குவித்தேன். அடியில் விரித்திருந்த கறுப்பு ரப்பரைத் தும்புத்தடியால் தேய்த்து, குழாய்த் தண்ணீர் விட்டேன். அடி பளிச்சென்று தெரிந்தது. கடைசியில், கிணற்றுக்கு மருந்து போடுகிற நினைப்பில் பிளீச் போத்தலையும் எடுத்தேன். கணவர் ஜன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப ஊத்தாதையும். மணம் எனக்கு இருமல் வரப்பண்ணும். நாளைக்குப் பார்ப்பம்” என்றார்.

முணுமுணுத்துக்கொண்டே போத்தலைப் படியில் வைத்தேன்.

மறுநாள் வந்தவர் ஓர் ஆங்கிலேயப் பெண். முழங்கால்வரை சப்பாத்து, கையில் ஒரு வலை. நான் பெருமையோடு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் அந்தத் தெளிந்த தண்ணீரைப் பார்த்தார். படியில் இருந்த போத்தலைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அதைத் தண்ணீரில் ஊற்றினீர்களா என்று கேட்டார். இல்லை என்றதும்தான் அவருக்கு மூச்சு வந்தது. நான் சுத்தம் செய்கிறேன் என்று அள்ளிக் கொட்டியதுதான் ஈரநிலம் என்பது அவர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. நியூட் குஞ்சுகளெல்லாம் அந்தப் பாசிக்குள்தான் வளருமாம். வெயிலுக்கு வற்றிவிட்டது, அதனால் புதுத் தண்ணீர் விட்டேன் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. பின்னால் கணவரின் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. அவர் முன்னால் பொய் சொல்ல வாய் வரவில்லை. கிணறு இறைக்கிற கதையை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முழுதாகச் சொன்னேன். அறையை இடிக்கச் சொல்லவேண்டாம் என்று கெஞ்சியும்விட்டேன்.

அந்தப் பெண் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. கிணற்றிலிருந்து எடுத்த சேற்றை ஊரில் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டார். வாழைக்குப் போடுவோம் என்றேன். அப்போ இந்தச் சேறு எங்கே என்றார். ரோஜாவுக்குப் போடத்தான் குவித்திருந்தேன், இடுப்பில் நாரிப்பிடிப்பு, தூக்க முடியாமல் கரையிலேயே விட்டுவிட்டேன் என்று காட்டினேன். வேலி நிழலில் அது ஈரமாகவே கிடந்தது.

“நான் கண்டதைத்தான் எழுதுவேன். ஆனால் முழுவதையும் கண்ட பிறகு எழுதுகிறேன்” என்றார்.

பிறகு அடுத்த இடத்துக்குப் போன் பண்ணி, வரப் பிந்தும் என்று சொல்லிவிட்டு, அந்தச் சேற்றுக் குவியலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு முழங்காலில் இருந்தார். நானும் இருந்தேன். குழாய்த் தண்ணீர் இந்தக் குஞ்சுகளுக்கு ஆகாதாம். மிளகாய்க் கன்றுகளுக்கென்று நான் பீப்பாயில் பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீரில் கொஞ்சத்தை ஒரு பேசினில் எடுத்து வைத்தோம். பாசியைப் பிடி பிடியாகப் பிரித்து அதில் அலசினோம். முதல் கால் மணி நேரம் ஒன்றும் அகப்படவில்லை. கணவர் கதிரை போட்டுப் பேசினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குனிந்து பார்த்தபடி இருந்தார்.

“இஞ்சருங்கோ, நீங்கள் ஈரக் காத்துக்க இருக்காமல் உள்ள போங்கோ” என்றேன்.

“கொஞ்சம் பொறும்” என்றார். “இஞ்ச ஒண்டு அசையுது.”

விரல் நகத்தளவு நியூட் குஞ்சு. அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாம் தப்பவில்லை, பூஞ்செடிகளுக்கு ஊற்றிய தண்ணீரில் எத்தனை போனதோ, அந்தக் கணக்கு என்னோடுதான். இரண்டு மணி நேரத்தில் குழாய்த் தண்ணீரை வெளியேற்றி, மிச்ச மழைத்தண்ணீரை ஊற்றி, சேற்றையும் பாசியையும் உயிர்களையும் திரும்ப விட்டோம். ஒரு வருடத்துக்கு மேலாக டிவியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த மனுசர் அன்று அந்தப் பெண்ணிடம் ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

அறிக்கையில் அந்தப் பெண் நான் செய்த பிழையையும் எழுதினார், நாங்கள் அதைத் திருத்தியதையும் எழுதினார். வசந்தத்தில் மறுபடி பார்க்கலாம், அதுவரை அறையைப் பற்றி யாரும் பேசத் தேவையில்லை என்று முடித்திருந்தார். எனக்கு அவர் சொன்ன வேலை ஒன்றே ஒன்றுதான்: எதையும் தொடாமல் இருப்பது. என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை.

மார்ச்சில் ஒரு காலை கணவர் ஜன்னலடியில் நின்று என்னைக் கூப்பிட்டார். தண்ணீரில் ஊறிய சவ்வரிசி மாதிரித் தவளை முட்டை மிதந்தது. அடுத்த கிழமை அந்தப் பெண் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

இன்றும் கணவர் அந்த அறையில்தான் படுக்கிறார். “பெயில்” என்று ஒரு சொல் எழுதிவிட்டு அந்தப் பெண் ஐந்து நிமிடத்தில் போயிருக்கலாம். சமையலறையில் புதிதாக வேலைக்கு வந்த யாராவது ஒரு பிழையைச் செய்துவிட்டு என் முன்னால் தலைகுனிந்து நிற்கும்போது, நான் வாயைத் திறப்பதற்கு முன் சேறு படிந்த அந்தப் பெண்ணின் இரண்டு முழங்கால்களும்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன.