கெளுத்தி முள்ளும் கொதிநீரும்

பஸ் வர நேரம் இருக்கிறதென்று பள்ளிவாசல்துறைக் கரையில் நடக்கப் போய், வலையிலிருந்து உதறிப் போட்ட கெளுத்தி மீனை மிதித்துவிடுகிறேன். முள் செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறுகிறது. வலி முழங்கால்வரை வருகிறது. கால் போய்விடும், உயிரும் போகலாம் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

ஒரு மீனவர் என்னைத் தாங்கிப் பிடித்துத் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப் போகிறார். கடைக்கார அக்கா, எல்லாருக்கும் ராத்தா, முள்ளைப் பிடுங்கிவிட்டு, தேத்தண்ணிக்காக அடுப்பில் கொதிக்கும் கேத்தலை ஓர் அகன்ற பேசினுக்குள் கவிழ்க்கிறார். கொஞ்சம் பச்சைத்தண்ணீர் கலந்து, தன் முழங்கையை விட்டுப் பார்க்கிறார்.

“கால வைங்க தம்பி.”

“அவிஞ்சிடாதா ராத்தா?”

“என்ட கை அவியல்லியே. பொறுக்கிற சூடுதான். சூட்டுக்குத்தான் இந்த வலி அடங்கும்.”

“நான் செத்திருவேனா?”

“இண்டைக்கில்ல. வலி நிண்டதும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியப் போடுங்க.”

தேத்தண்ணிக்குக் காத்திருக்கும் நான்கு பேர் வெறும் கோப்பைகளோடு என் காலையே பார்க்கிறார்கள். சூடு ஆறியதும் ராத்தா காலை எடுக்கச் சொல்லி, அடுத்த கேத்தலையும் ஊற்றிக் கலக்கிறார். அரை மணித்தியாலத்தில் வலி இறங்கிவிடுகிறது. விரல்களை ஆட்டிப் பார்க்கிறேன். ஐந்தும் ஆடுகின்றன.

“எனக்கும் ஒரு பிளேன்டீ தாங்க ராத்தா” என்கிறேன்.

“நீங்கதான் கடைசி, தம்பி” என்கிறார் வாங்குப் பலகையில் இருக்கும் ஒருவர். “உங்கட பங்கக் காலாலயே குடிச்சிட்டீங்க.”