செல்வி அக்காவும் பாம்பேந்திய தருக்கமும்

டோ செல்வி காலமான செய்தியை அவர் மகள் பர்மிய மொழியில்தான் சொன்னாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. லத்தா பேட்டையிலுள்ள கடையில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பழைய படங்களுக்குச் சட்டம் போட்டு விற்கும் அந்தக் கடையை நானும் அவரும் சேர்ந்து நடத்தினோம். மற்றவர்கள் பர்மிய வழக்கப்படி மரியாதையாக ‘டோ’ சேர்த்து அழைத்தாலும், நான் அவரை அக்கா என்றுதான் அழைப்பேன். என்ன படம், எங்கிருந்து வந்தது என்று விளக்காமல் அக்கா எதையும் விற்கமாட்டார். கேட்டு அலுத்துப்போய் வாடிக்கையாளர் நடையைக் கட்டினாலும் கவலைப்படமாட்டார். எனக்குத்தான் வயிறு எரியும்.

இடிபட்ட ஒரு பங்களாவிலிருந்து ஐரோப்பிய அச்சுப் படங்கள் சில எங்களிடம் வந்தன. ஓரமெல்லாம் பூவும் கொடியும். நடுவில், படத்துக்கு ஒரு பெண். ஒவ்வொருத்தியும் ஒரு கல்வித்துறை. கவராயம் பிடித்தவள் வடிவியல். கோளத்தைத் தாங்கியவள் வானியல். கையில் பாம்போடு நின்றவள் தருக்கம்.

மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையிலிருந்து வந்த முனியம்மா அந்தப் பாம்பைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எல்லை தாண்டி வேலைக்குப் போன மகனிடமிருந்து தகவலே இல்லை, நாகம்மாள் தானாக வந்துவிட்டாள் என்று அழுதார். அன்றைக்கு மட்டும் அக்கா எதையும் விளக்கவில்லை. படத்தைத் தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

அதன்பின் அவருக்கு நிம்மதி போயிற்று. ஒரு தாயை ஏமாற்றிவிட்டேன் என்று புலம்புவார். விடுங்கள் என்றால் கேட்டால்தானே. ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு முனியம்மா வீட்டுக்கே போனார். தருக்கத்தின் நெற்றிக்கு நேரே கண்ணாடியில் குங்குமம். சட்டத்தில் மல்லிகைச் சரம்.

“இது சாமி இல்லம்மா. தர்க்கம்னு ஒரு படிப்பு. வெள்ளைக்காரங்க அதைப் பொம்பளையா வரைஞ்சிருக்காங்க.”

முனியம்மா அசரவில்லை. “படிப்பு பொம்பளையா வந்தா சாமிதானேம்மா? நாம சரஸ்வதியைக் கும்பிடலையா?”

பேருந்தில் திரும்பும்போது, முனியம்மா கேட்டதில் என்ன தப்பு என்று அக்கா என்னிடம் கேட்டார்.

கோயிலுக்கும் போகாதவர், பயா என்னும் புத்தர் கோயிலுக்கும் போகாதவர் அக்கா. போன வாரம் மருத்துவமனையில் என்னைக் குனியச் சொல்லி, “முனியம்மாகிட்ட எனக்கும் ஒரு விளக்கு ஏத்தச் சொல்லு. பயமா இருக்கு” என்றார். அன்றே போய்ச் சொன்னேன்.

இன்று தகனம் முடிந்து முனியம்மா வீட்டுக்குப் போனேன். மகனிடமிருந்து இன்னும் தகவல் இல்லை. படத்தின் முன் இரண்டு விளக்குகள் எரிந்தன. செய்தியைச் சொன்னேன். முனியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவின் விளக்கில் எண்ணெய் ஊற்றினார்.

“எரியட்டும். போற வழியில வெளிச்சம் வேணும்ல.”

பார்த்துப் போங்கள், அக்கா.